ஒரு நாற்காலி போதாது: ‘நூறு நாற்காலிகள்’ கதையும் தென்திருவிதாங்கூர் வரலாறும்

போன மழைக்காலத்தில் இரண்டு மாணவர்கள் குலசேகரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். தமிழ் முதுகலை படிக்கிறவர்கள். ஒருத்தி பேச்சிப்பாறைப் பக்கம். ஒருவன் எங்கள் குடியிருப்புப் பையன். ‘சிறுகதையில் தனிமனிதனும் சமூகக் கட்டுப்பாடும்’ என்று தலைப்புக் கொடுத்து ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். “சாரே, நம்ம பக்கத்து ஊருக்காரரு எழுதினதுல்லா, அதையே எடுத்திருக்கோம், ஒண்ணு வாசிச்சுப் பாருங்க” என்று தாளை நீட்டினான் பையன். எடுத்திருந்த கதை ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’. குலசேகரத்துக்குப் பக்கத்துத் திருவரம்பில் வளர்ந்தவர் அவர். 2011-இல் வந்த ‘அறம்’ தொகுப்பில் இருக்கிற கதை. தமிழிலும் மலையாளத்திலும் ஏராளமான பேர் படித்தது.

தாளை வாசித்தேன். கதையின் நாயகன் தர்மபாலன் தன் தனித்துவத்துக்காகப் போராடுகிறவன், அவனுடைய தாய் சமூகக் கட்டுப்பாட்டின் குரல், இந்த இரண்டுக்கும் நடக்கிற மோதல்தான் கதை என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வகுப்பறையில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தலைப்பே அப்படித்தான் கேட்கிறது. ஒரு பக்கம் மனுசன், மறுபக்கம் சமூகம், நடுவில் ஒரு கோடு. ஆனால் அந்தத் தாயைக் கொண்டுபோய்ச் சமூகத்தின் பக்கம் நிறுத்தியதைப் பார்த்தபோது எனக்கு ஆறவில்லை. அவளை எந்தச் சமூகம் எப்போது உள்ளே சேர்த்தது, அதன் குரலாக அவள் பேசுவதற்கு? அன்றைக்கு அவர்களிடம் ராத்திரிவரை பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தர்மபாலன் நாயாடிச் சாதியில் பிறந்தவன். சின்ன வயதில் நாராயணகுரு மரபில் வந்த பிரஜானந்தர் என்ற துறவியின் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டுப் படிக்கிறான். இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாகிறான். சாதியில் மேலே உள்ள பெண்ணைக் கல்யாணம் செய்கிறான், ஒரு மகன் பிறக்கிறான். எச்சில் பொறுக்கித் திரியும் பிச்சைக்காரியாக இருக்கும் தாயை மறுபடி கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவருகிறான். அவளால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மகன் மேலே சட்டை இருப்பதும், அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அவளைக் கிலி பிடிக்க வைக்கின்றன. கழற்று, எந்திரி, ஓடிவந்துவிடு என்று அலறுகிறாள். கதை தொடங்கும்போது அவள் ஆஸ்பத்திரியில், சீந்துவாரற்ற நோயாளிகளுக்கு நடுவே, செத்துக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்துதான் பழையது எல்லாம் அவனுக்குத் திரும்ப வருகிறது. ஆபீசில் அவனுக்கு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலிக்கு உரிய அதிகாரம் கீழே இருக்கிற வேறு யார் யார் கையிலோ இருக்கிறது.

இனி விசயத்துக்கு வருவோம். தமிழ்ச் சிறுகதையில் ‘தனிமனிதன்’ என்று நாம் சொல்லிவருகிற ஆள் யார்? 1930-களின் மணிக்கொடி எழுத்தாளர்கள் தொடங்கி இவனை நமக்குத் தெரியும். குமாஸ்தா, வாத்தியார், பத்திரிகைக்காரன், வேலையில்லாப் பட்டதாரி. குடும்பம் அவனை நெருக்குகிறது, ஊர் அவனைப் புரிந்துகொள்ளவில்லை, அவன் மனசுக்குள் ஒரு தனி உலகம். நல்ல கதைகள் பல அப்படி வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் ஏற்கனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். எந்திரிச்சுப் போகலாமா என்பதுதான் அவனுடைய பிரச்சினை. சமூகத்தை விட்டு விலகுகிற சுதந்திரம், சமூகத்துக்குள் பிறந்தவனுக்குத்தான் உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவன் எதிலிருந்து விலகுவான்?

வெளியே நிறுத்தப்பட்டவன் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. அடிக்கணக்கிலேயே இருந்தது. சாமுவேல் மேட்டியர் என்ற மிஷனரி 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கைப் பதிவு செய்திருக்கிறார். நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 காலடி. நாயரிடமிருந்து ஈழவர் 12, புலையர் 66. பறையர் இன்னும் கொஞ்சம் அப்பால். நாயாடி இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கடைசியில். மலபாரிலும் கொச்சியிலும்தான் அவர்கள் அதிகம். எங்கள் குலசேகரம் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் நாயாடி என்ற பெயர் இருக்கிறது. அவர்கள் பிச்சை கேட்பதே தூரத்தில் நின்று கத்தித்தான். கத்தல் கேட்டால் வீட்டுக்காரர்கள் எதையாவது கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், பிறகு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 1937-இல் ஏ. ஐயப்பன் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக மலபார் நாயாடிகளைப் பற்றி ஒரு தனி ஆய்வே எழுதினார். தலையையும் மூக்கையும் அளந்து எழுதுகிற அந்தக் கால மானிடவியல்தான் அதுவும். அதுவரைக்கும் அவர்களுக்குக் கிட்டே போய் நின்றவர் எத்தனை பேர் என்று யோசித்தால், அந்த அளவுகோலையும் முழுக்க வெறுக்க முடியவில்லை.

ஆக, இங்கே ‘சமூகக் கட்டுப்பாடு’ என்பது அத்தை வீட்டில் முணுமுணுப்பார்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது இல்லை. அது ராஜ்ஜியத்தின் சட்டம். திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், வாங்கப்பட்டார்கள், ஒத்திக்கு வைக்கப்பட்டார்கள். அடிமை முறையை முழுவதும் ஒழித்து அரச விளம்பரம் வந்தது 1855-இல்தான். துணிக்கும் சட்டம் இருந்தது. சாணார் என்று அன்றைக்கு எழுதப்பட்ட நாடார் சமூகத்துப் பெண்கள் தோள்சீலைக்காக 1820-களிலிருந்து அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, வீடு எரிக்கப்பட்டு, 1859 ஜூலையில் மேலாடை உரிமையை வாங்கினார்கள். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் விளம்பரம் வந்தது. அதிலும் சாணார் பெண்களைப் பற்றித்தான் பேச்சு. புலையப் பெண்ணும் பறையப் பெண்ணும் அந்தக் காகிதத்தில் இல்லை. தோள்சீலைக் கலகத்தைப் பற்றி எழுதுகிற நம்ம ஆட்களே இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது வேறு கட்டுரை.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, மகனுடைய சட்டையைக் கண்டு அலறுகிற தாயைப் பாருங்கள். அவள் ஒழுங்கைக் காப்பாற்றப் பேசுகிறாளா?

இந்தக் கேள்விக்குப் பதிலை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என் அம்மையிடமிருந்து எடுத்தேன். அம்மைக்கு எழுத்து தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவள். விடியுமுன்னே போய், மரம் மரமாகக் கட்டியிருக்கிற சிரட்டையில் விழுந்த பாலைச் சேர்த்து வாளியில் ஊற்றிச் சுமந்து வருவாள். தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் எங்களுக்குக் கட்டன்சாயா கொடுப்பார்கள். அதுவும் சிரட்டையில்தான். மரத்துக்கும் எங்களுக்கும் ஒரே பாத்திரம் என்று நான் பத்து வயதில் சொல்லிச் சிரித்ததற்கு, அம்மை என் வாயைப் பொத்தி ரோடுவரை இழுத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. இது நடந்தது 1970-களில். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்த பிறகு வீட்டுக்கு நாலு நாற்காலி வாங்கிப் போட்டேன். அம்மை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சுவரோரமாகத் தரையில் காலை நீட்டி இருப்பாள். யாராவது ‘பெரிய வீட்டு’ ஆட்கள் வந்து விட்டால், நானும் அவர்களும் நாற்காலியில் பேசிக்கொண்டிருக்கும்போது அடுக்களைக்குள் இருந்து ‘லே மக்கா’ என்று காரணமில்லாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். எந்திரிச்சு உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. என்னை எந்திரிக்க வைப்பதுதான் காரியம். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். அம்மை பழைய காலத்து ஆள், அடிமைப் புத்தி போகாது என்று என் கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

‘அறம்’ வந்த பிறகு ஒருநாள் ராத்திரி இந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. முடித்தபின் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அவளுக்குக் கிறுக்கொண்ணும் இல்ல மக்கா. பேடியாக்கும். அவனுக்க சட்டையைக் கண்டா அவிய கொண்ணு போடுவினும்லா. அதாக்கும் கழத்தச் சொல்லுகா” என்றாள். அவ்வளவுதான். வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்த வரி இல்லை. கதையில் அந்தத் தாயின் நடத்தையை மிருகத் தன்மை என்றும், மனம் பிறழ்ந்த நிலை என்றும், அடிமைத்தனம் உள்ளே இறங்கிப்போனதென்றும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இறங்கியது என்பது உண்மைதான். ஆனால் இறங்கியது பணிவு இல்லை, ஆபத்தைப் பற்றிய அறிவு. சட்டை போட்டவனை என்ன செய்வார்கள் என்று கண்ணால் பார்த்தவளின் அறிவு. காட்டில் புலி நடமாட்டம் தெரிந்தவள் பிள்ளையை வீட்டுக்குள் இழுப்பதைச் ‘சமூகக் கட்டுப்பாடு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலம் மாறிவிட்டது, புலி போய்விட்டது என்று மகன் நினைக்கிறான். தாய் நம்பவில்லை. இரண்டு பேரில் யார் சரி என்பதைக் கதையின் ஆபீஸ் காட்சிகளே சொல்லிவிடுகின்றன. புலி போகவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு, கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனைச் ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டு சுற்றி நிற்கிறது.

அம்பேத்கர் 1917 செப்டம்பரில் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனுசன். ஆபீசில் பியூன்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று மேசையில் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. தங்க வீடு கிடைக்காமல் பார்சிகளின் விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து நின்று வெளியே போகச் சொன்னார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் உட்காரச் சொந்தமாகச் சாக்கு கொண்டுபோன பையனுக்கு, படித்துமுடித்து வந்தபிறகு நாற்காலி கிடைத்தது. நாற்காலியைச் சுற்றியிருந்த தூரம் அப்படியே இருந்தது. தனிமனிதனாக ஒருவன் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு உயரம் போனவர் அவர். போனபிறகுதான் தெரிந்தது, தனியாகப் போய்ப் பிரயோசனம் இல்லை என்று.

நம்ம தென்திருவிதாங்கூரில் இது முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. மயிலாடியில் மகாராசன் என்று ஒரு சாம்பவர், பயிர்த்தொழில் செய்தவர். சாமியைத் தேடிச் சிதம்பரம் வரை நடந்தார். அங்கே மனசு ஒப்பவில்லை. தஞ்சாவூரில் சொந்தக்காரர்கள் வழியாகக் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். இதுவரைக்கும் இது ஒரு தனிமனிதனின் தேடல். நல்ல சிறுகதைக்குப் போதுமான விசயம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஊருக்கு வந்து தன் சனங்களைச் சேர்த்தார், ஆள் அனுப்பச் சொல்லி மிஷன்காரர்களிடம் கேட்டார். அதனால்தான் 1806-இல் ரிங்கல்தௌபே இந்தப் பக்கம் வந்தார். 1809-இல் மயிலாடியில் கோவில் எழும்பியது. வெள்ளைக்காரர் வந்து எங்களுக்குக் கண்ணைத் திறந்தார் என்றே நூற்றாண்டு மலர்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் நடந்தது ஒரு பறையனின் கால் என்பதை ஒரு பத்திக்குள் முடித்துவிடுவார்கள்.

அடுத்தது வெங்ஙானூர். களியக்காவிளையைத் தாண்டினால் அதிக தூரம் இல்லை. 1893-இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கி, வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாகப் பொதுவழியில் ஓட்டினார். புலையன் நடக்கக்கூடாத ரோடு. இந்தக் காட்சியைப் படமாகவும் சிலையாகவும் பார்க்கும்போது ஒற்றை ஆள் மாதிரித் தெரிகிறது. ஒற்றை ஆள் இல்லை. அவரோடு ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது, கம்பு சுற்றப் பழகிய கூட்டம். பாலராமபுரம் தெருவில் அவர்கள் திருப்பி அடித்தார்கள். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் உண்டானது. பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பிள்ளையைச் சேர்த்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கவில்லை என்றால் உங்கள் வயலில் புல் முளைக்கட்டும் என்று சனங்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். இந்த நாட்டில் விவசாயக் கூலிகள் செய்த ஆரம்பகால வேலைநிறுத்தங்களில் ஒன்று கூலிக்காக நடக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்காக நடந்தது. இதை எத்தனை இடதுசாரி வரலாற்றில் வாசித்திருக்கிறோம்?

கல்லுமாலைச் சமரம் இன்னும் துலக்கமானது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையைத்தான் போட வேண்டும். அது அடையாளம். ஆட்டுக்குக் காதில் போடுகிற வெட்டு மாதிரி. 1915-இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அதைக் கழற்றச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள், ஆதிக்கச் சாதியார் புகுந்து அடித்தார்கள், குடிசைகள் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில், ஒரு சர்க்கஸ் கூடாரத்தில், அய்யன்காளி கூட்டிய மகாசபையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் மாலையை அறுத்து எறிந்தார்கள். மேடைக்கு முன்னால் குவியலாகக் கிடந்தது. ஒருத்தி மட்டும் தன் வீட்டில் இருந்து கழற்றியிருந்தால்? மறுநாள் வயலில் அவள் பிணமாகக் கிடந்திருப்பாள். தர்மபாலனின் தாய்க்குத் தெரிந்தது அதுதான். மாலையைக் கழற்றுவதும் சட்டையைப் போடுவதும் ஒரே காரியம். கூட்டமாகச் செய்தால் சமரம். தனியாகச் செய்தால் சாவு.

அதனால் நான் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன்: இந்தக் கதையில் தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் மோதல் இல்லை. தனிமனிதனாக மட்டுமே உள்ளே வரலாம் என்று ஒரு நாற்காலியைக் காட்டுகிற சமூகத்தின் தந்திரம் இருக்கிறது. அந்தத் தந்திரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவன் இருக்கிறான். உன் தாயை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வா, உட்கார இடம் தருகிறோம். அதுதான் நிபந்தனை. அவன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அங்கேதான் எல்லாம் உடைகிறது.

நேர்முகத் தேர்வுக் காட்சியை இப்படி வாசித்தால் வேறு மாதிரித் தெரியும். ஒரு வழக்கில் ஒரு பக்கம் நாயாடியும் மறுபக்கம் வேறொருவரும் இருந்தால் நீ என்ன தீர்ப்புச் சொல்லுவாய் என்று கேட்கிறார்கள். சாதாரணமாக நல்லபிள்ளைகள் என்ன சொல்லுவார்கள்? இரண்டு பேரையும் சமமாகப் பார்த்து, சாட்சியைப் பார்த்துச் சொல்லுவேன் என்பார்கள். அதுதான் தனிமனிதவாதத்தின் நியாயம். எல்லாரும் இந்த நிமிசத்தில் பிறந்து வந்து கூண்டில் நிற்பதாக அது நினைக்கிறது. தர்மபாலன் அப்படிச் சொல்லவில்லை. நாயாடியைக் கொண்டுவந்து இன்னொரு மனுசனுக்கு எதிரே நிறுத்தும்போதே அவனுக்கு அநீதி நடந்து முடிந்துவிட்டது, அதனால் தீர்ப்பு நாயாடி பக்கம்தான், கொலையே செய்திருந்தாலும் அவன் பக்கம்தான் என்கிறான். சட்டப்படி இந்தப் பதில் செல்லாது என்று வக்கீல் தோழர் ஒருவர் என்னிடம் வாதாடினார். செல்லாதுதான். ஆனால் 96 காலடிக் கணக்கு ஒருகாலத்தில் சட்டப்படி செல்லுபடியாகியிருந்ததே. இடஒதுக்கீட்டின் அடிப்படைத் தர்க்கம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. தமிழ்ப் புனைகதையில் அதை இவ்வளவு அப்பட்டமாக வேறு இடத்தில் நான் பார்க்கவில்லை. எழுதியவர் தலித் அல்லாதவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

அதே சமயம் சொல்ல வேண்டிய குறையையும் சொல்லிவிட வேண்டும். தாயின் உடம்பைக் காட்டுகிற பக்கங்களில் கதைசொல்லியின் கை கொஞ்சம் அதிகமாகவே ஓடுகிறது. அழுக்கு, புழு, நாற்றம், எச்சில். வாசகன் குமட்டி, பிறகு குமட்டியதற்காக அழுது, அழுததால் சுத்தமாகி எழுந்து போகிறான். மேல்சாதி வாசகர்கள் இந்தக் கதையை இவ்வளவு விரும்பியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுதுவிட்டால் கடன் தீர்ந்தது பாருங்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது அப்படி யாரும் அழுது எழுந்து போகவில்லை. பலபேருக்குக் கோபம்தான் வந்தது. அதில் சனங்கள் சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள், மேல்சாதியைக் கிண்டல் அடிக்கிறார்கள். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வும் அப்படியே. உள்ளேயிருந்து எழுதும்போது பட்டினிக்கு நடுவேயும் ஒரு ஊர் இருக்கும். ‘நூறு நாற்காலிக’ளில் தர்மபாலனுக்கு ஊர் இல்லை. ஒரு துறவி இருக்கிறார், ஒரு ஆசிரமம் இருக்கிறது, ஒரு தாய் இருக்கிறாள். இயக்கம் கதை நிகழ்ச்சியாக வருவதில்லை. கைதூக்கிவிடுகிறவர் வருகிறார், கூட நிற்கிறவர்கள் வருவதில்லை. நாயாடிகள் அங்கங்கே சிதறிக் கிடந்த மிகச் சிறிய கூட்டம், புலையருக்குச் சங்கம் கூடின மாதிரி அவர்களுக்குக் கூடவில்லை என்று ஒரு பதில் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் வாசகனின் மனசில் தங்குவது என்ன? ஒரு நல்ல சாமியார் ஒரு பிள்ளையைத் தூக்கி எடுத்தார் என்பது. அய்யன்காளி நாற்பது வருசம் அலைந்தது வேறொன்றுக்காக.

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். கோவில் நுழைவு விளம்பரம் 1936 நவம்பர் 12-இல் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாடெல்லாம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். சுசீந்திரம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கவே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்ததை நினைத்தால் அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அய்யன்காளியிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் கோவிலைச் சொல்லவில்லை. சாகுமுன் தன் சனத்தில் பத்து பேர் பி.ஏ. ஆவதைப் பார்க்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் காலை வைக்க விடாததால் கடைசிவரை எழுத்து தெரியாமல் இருந்த மனுசன். 1941-இல் இறந்தார்.

ஒரு பி.ஏ. கேட்கவில்லை, பத்து கேட்டார். கதையின் கடைசியில் தர்மபாலனுக்கு வந்து சேருகிற எண்ணம் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததால் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் நூறு நாற்காலி வேண்டும். மாணவர்கள் இதைத் தனிமனித வைராக்கியம் என்று எழுதியிருந்தார்கள். நூறு நாற்காலியில் ஒருவன் எப்படி உட்காருவான்? அந்தப் பேச்சிப்பாறைப் பெண்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். “அப்ப மிச்சம் தொண்ணூத்தொம்பது ஆரு சாரே?” என்றாள். பையன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வேறு எழுதிவருவதாகச் சொன்னான். எழுதினானா, அதற்கு மார்க்கு போட்டார்களா என்று இன்னும் கேட்கவில்லை.

என் அம்மை 2016-இல் இறந்தாள். வெயில் காலம். முற்றத்தில் பந்தல் போட்டு, வாடகைக் கடையிலிருந்து ஐம்பது நாற்காலி இறக்கினோம். குடியிருப்பு ஆட்கள், என்னோடு வேலை பார்த்த வாத்தியார்கள், பால் எடுக்கிற பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மை வேலை பார்த்த தோட்டக்காரர் வீட்டு இளையவரும் வந்தார். நல்ல மனுசன்தான், அம்மையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தடவை பணம் தந்தவர். என் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னார். தம்பி ஒரு நாற்காலியைத் துடைத்து அவர் பக்கத்தில் கொண்டுவந்து போட்டான். அவர் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு பத்து நிமிசம் போல நின்றார். உள்ளே எடுக்கிற நேரம் ஆனதும், அவசரமாக ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சுற்றி இருந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு யாரும் எந்திரிக்கவும் இல்லை.